அருகிருப்போர் கண்ட வழி

நுழையும்முன்

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் ஆய்வகங்களின் வரலாறாகவும் புகழ்பெற்ற அறிஞர்களின் வரலாறாகவும் எழுதப்படுகிறது. ஆனால், உயிர்காக்கும் வழிகள் பல, நெரிசல் மிகுந்த பொது மருத்துவமனைகளில் நோயாளியின் அருகே நாள்தோறும் நின்றவர்களின் கண்ணுக்கே முதலில் புலப்பட்டன. அவர்கள் கண்டதை உலகம் எப்போது ஏற்றது, எப்போது மறுத்தது, அதனால் விளைந்தது என்ன என்பதை நான்கு மகப்பேறு மருத்துவமனைகளின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது.

நான்காம் பகுதி

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு பகுதிகளாகப் பகுத்துக் காண்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, நோயாளியின் அருகிலிருந்து பேணுபவரையும் வள்ளுவர் நான்காவதாகச் சேர்க்கிறார். மருந்தைக் கலந்து, காலம் தவறாமல் கொடுத்து, நோயாளியின் முகக்குறிப்பை அறிந்து நடப்பவர் இந்த நான்காமவர். இவரின்றி மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை.

இன்றைய மருத்துவமனையில் இந்த நான்காம் பகுதி மிகப் பெரிது. செவிலியர், பயிற்சி மருத்துவர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர், மருத்துவமனைப் பணியாளர், தூய்மைப் பணியாளர் என அது விரிகிறது. மூத்த மருத்துவர் நோயாளியைச் சில நிமிடங்கள் காண்கிறார். இவர்களோ நாள் முழுவதும் காண்கின்றனர். இரவில் எந்தக் குழந்தை அழாமல் கிடந்தது, எந்தக் கருவி அடிக்கடி பழுதாகிறது, எந்த மருந்து எடுக்க நேரமாகிறது என்பவை இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆயினும், மருத்துவமனையில் சொல்லும் உரிமை மேலிருந்து கீழாகவும் கேட்கும் கடமை கீழிருந்து மேலாகவும் அமைந்திருப்பதே வழக்கம். அருகில் நிற்பவர் கண்டது மேலே செல்லாதபோது, அதன் விலையை நோயாளியே தருகிறார். வியன்னா நகரின் வரலாறு இதற்குச் சான்று.

வியன்னா: கேட்கப்படாத சொல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேறு மனை ஐரோப்பாவில் புகழ்பெற்று விளங்கியது. ஏழைப் பெண்கள் கட்டணமின்றி அங்கு மகப்பேறு பார்த்துக்கொண்டனர். அம்மனையில் இரண்டு பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றனர். நாள் முறைப்படி ஒருநாள் முதல் பிரிவிலும் மறுநாள் இரண்டாம் பிரிவிலுமாகப் பெண்கள் சேர்க்கப்பட்டனர்.

முதல் பிரிவில் சேர்வதற்குப் பெண்கள் அஞ்சினர். மண்டியிட்டு அழுது, இரண்டாம் பிரிவில் சேர்க்கும்படி வேண்டினர். அவர்களின் அச்சம் வீணன்று. 1846ஆம் ஆண்டில் முதல் பிரிவில் 4,010 மகப்பேறுகள் நிகழ்ந்தன. 459 தாய்மார்கள் இறந்தனர். அதே ஆண்டில் இரண்டாம் பிரிவில் 3,754 மகப்பேறுகளில் இறந்தோர் 105 பேர். மகப்பேற்றுக் காய்ச்சலே இறப்புக்குக் காரணம். ஒரே கட்டடம், ஒரே உணவு, ஒரே காற்று. இறப்போ நான்கு மடங்கு.

முதல் பிரிவில் உதவி மருத்துவராகப் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடினார். நெரிசல், படுக்கும் முறை என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் தள்ளினார். 1847ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவருடைய நண்பரான பேராசிரியர் கொலெட்ச்கா, சடலப் பரிசோதனையின்போது கத்தி கீறியதால் ஏற்பட்ட நோயால் இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள் மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த பெண்களின் உடலில் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்கு விடை புலப்பட்டது. மாணவர்களும் மருத்துவர்களும் சடலப் பரிசோதனை அறையிலிருந்து நேராக மகப்பேறு அறைக்கு வந்தனர். மருத்துவச்சிகள் சடலத்தைத் தொடுவதில்லை. மருத்துவர்களின் கைகளே சாவைச் சுமந்து வந்தன.

அவ்வாண்டு மே மாத நடுவில், மகப்பேறு அறைக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என்று அவர் விதித்தார். ஏப்ரல் மாதத்தில் 312 மகப்பேறுகளில் 57 தாய்மார்கள் இறந்திருந்தனர். சூன் மாதத்தில் 268 மகப்பேறுகளில் இறந்தோர் 6 பேர். சூலையில் 250 மகப்பேறுகளில் 3 பேர்.

இத்தனை தெளிவான எண்கள் இருந்தும் அவருடைய கருத்து ஏற்கப்படவில்லை. நோய்க்கிருமிக் கோட்பாடு அன்று நிலைபெறாததால், எது கையில் ஒட்டி வந்தது என்பதை அவரால் காட்ட இயலவில்லை. தம் கைகளே நோயைப் பரப்பின என்பதை ஏற்க மருத்துவர் பலருக்கு மனம் ஒப்பவில்லை. அவருக்கு மேலிருந்த பேராசிரியரும் அவரை ஆதரிக்கவில்லை. 1849இல் அவருடைய பணிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. அவரிடமும் குறை இருந்தது. தம் கண்டுபிடிப்பை முழுமையான நூலாக எழுத 1861ஆம் ஆண்டு வரை காலம் தாழ்த்தினார். மறுத்தவர்களைக் கடுமையாகச் சாடினார். 1865இல் மனநல விடுதி ஒன்றில் அவர் இறந்தார். கைகழுவுதல் பொது விதியாவதற்குள் எத்தனையோ தாய்மார்கள் இறந்தனர்.

கண்டவர் இருந்தார், எண்ணியவர் இருந்தார், கேட்பவர்தாம் இல்லை. வியன்னா விட்டுச்சென்ற பாடம் இதுவே. அடுத்து வரும் நிகழ்வு, நூறாண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் ஒரு செவிலியரின் சொல் கேட்கப்பட்டதைப் பற்றியது.

ராச்ஃபோர்டு: மஞ்சள் முக்கோணம்

இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வுப் பணி என்னும் பொது மருத்துவ அமைப்பு தொடங்கப்பட்டது. அதற்குட்பட்ட மருத்துவமனைகளுள் ஒன்று எசெக்ஸ் பகுதியிலுள்ள ராச்ஃபோர்டு பொது மருத்துவமனை. அங்குக் குறைமாதக் குழந்தைகளுக்கான பிரிவின் பொறுப்புச் செவிலியராக இருந்தவர் சிஸ்டர் ஜீன் வார்டு.

மூடிய அறையின் புழுக்கத்தைவிடத் தூய காற்றும் இளவெயிலும் குழந்தைகளுக்கு நல்லவை என்பது அவருடைய உறுதியான எண்ணம். கோடைக்கால வெப்பம் இதமாக இருந்த நாள்களில் குழந்தைகளை முற்றத்திற்குக் கொண்டுசென்று வெயில் படும்படி வைப்பார். 1956ஆம் ஆண்டில் ஒருநாள், மருத்துவர்கள் பிரிவைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, ஒரு குழந்தையின் ஆடையை நீக்கித் தயக்கத்துடன் காட்டினார். குழந்தையின் உடல் முழுவதும் வெளிறியிருந்தது; ஓரிடத்தில் மட்டும் முக்கோண வடிவில் தோல் அடர்ந்த மஞ்சளாக இருந்தது. ஏதேனும் மருந்து பூசப்பட்டதா என்று மருத்துவர்கள் வினவினர். அவர் எதையும் பூசவில்லை. மஞ்சள் பூசப்பட்டதன்று, மற்ற இடங்களில் இருந்த மஞ்சள் வெயிலில் மறைந்திருந்தது. விரிப்பின் முனை மூடியிருந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே தங்கியிருந்தது.

பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை ஏற்படுவது பரவலானது. சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. முதிர்ந்த கல்லீரல் அதை மாற்றி உடலிலிருந்து வெளியேற்றும். குழந்தையின் கல்லீரலோ, குறிப்பாகக் குறைமாதக் குழந்தையின் கல்லீரல், அந்த ஆற்றலை முழுமையாகப் பெற்றிருப்பதில்லை. பிலிருபின் அளவுகடந்து பெருகினால் மூளைக்குள் புகுந்து, செவித்திறனையும் உடலியக்கத்தையும் நிலையாகக் கெடுக்கும், உயிரையும் பறிக்கும். அக்காலத்தில் இதற்கிருந்த முதன்மையான சிகிச்சை, குழந்தையின் குருதியைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு வேறு குருதியைச் செலுத்துவதாகும். அது இடர் மிகுந்த முறை.

சிஸ்டர் வார்டு காட்டியது உடனே சிகிச்சையாகிவிடவில்லை. சில வாரங்களுக்குப் பின், காமாலை மிகுந்த ஒரு குழந்தையின் குருதி மாதிரி, ஆய்வகத்தின் சன்னலோரத்தில் சில மணி நேரம் வெயிலில் இருந்துவிட்டது. அதை ஆய்ந்தபோது பிலிருபின் அளவு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. புதிய மாதிரியை எடுத்து ஆய்ந்தபோது அளவு உயர்ந்தே காணப்பட்டது. முற்றத்தில் குழந்தையின் தோலில் நிகழ்ந்ததே ஆய்வகத்தின் கண்ணாடிக் குழாயிலும் நிகழ்ந்திருக்கிறது என்பதை மருத்துவர் கிரீமரும் உயிர்வேதியியலாளர் பெரிமனும் உணர்ந்தனர்.

பின்னர் அவர்கள் முறையாக ஆய்வு செய்தனர். இங்கிலாந்தில் வெயிலை எல்லா நாளும் நம்ப முடியாது. எனவே, நீல ஒளி தரும் விளக்குக்குழல்களைத் தொட்டிலின் மேல் பொருத்திக் கருவி ஒன்றை அமைத்தனர். அதன் ஒளியில் வைக்கப்பட்ட குழந்தைகளின் பிலிருபின் அளவு குறைந்தது. 1958ஆம் ஆண்டு 'தி லான்செட்' இதழில் கிரீமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் ஆகிய மூவரின் பெயரில் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. முதலில் கண்ட செவிலியரின் பெயர் கட்டுரையாசிரியர் பட்டியலில் இல்லை.

அமெரிக்காவில் இம்முறை வேரூன்ற மேலும் பத்தாண்டுகள் ஆயின. 1968இல் லூசியும் அவருடைய குழுவினரும் கட்டுப்பாட்டுடன் கூடிய ஆய்வை வெளியிட்ட பின்னரே அங்கு ஒளிச்சிகிச்சை பரவியது. இன்று உலகெங்கும் பச்சிளங்குழந்தைகளுக்கு மிகுதியாக அளிக்கப்படும் சிகிச்சைகளுள் அது ஒன்று.

தெரிந்து தெளிவோம்

பிலிருபின் நீரில் கரையாத பொருள். நீல ஒளி தோலின் வழியே ஊடுருவும்போது, அப்பொருளின் மூலக்கூறு வடிவம் மாறுகிறது. மாறிய வடிவம் நீரில் கரையக்கூடியது. கல்லீரலின் மாற்றத்திற்குக் காத்திராமல் பித்தநீர், சிறுநீர் வழியாக வெளியேறுகிறது. ஒளிச்சிகிச்சையின்போது குழந்தையின் கண்கள் மூடிப் பாதுகாக்கப்படுகின்றன. நேரடி வெயிலில் தோல் எரிவு, உடல் வெப்பக்கேடு ஆகிய இடர்கள் உண்டு. ஆகவே, காமாலையுற்ற குழந்தையை மருத்துவரிடம் காட்டாமல் வீட்டு வெயிலில் வைப்பது சிகிச்சையாகாது.

பொகோட்டா: தாயின் மார்பே தொட்டில்

ராச்ஃபோர்டில் வழியைக் காட்டியது கூர்ந்த பார்வை. தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டிலோ வறுமையே புதிய வழியைத் தேடவைத்தது. அந்நாட்டின் தலைநகரான பொகோட்டாவில் ஏழைத் தாய்மார்கள் நாடிவந்த பெரிய மருத்துவமனை தாய்சேய் நல நிறுவனம். அங்குப் பிறந்த குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய இன்குபேட்டர்கள் இல்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடத்தப்பட்டனர். ஒரு குழந்தையின் தொற்று அடுத்த குழந்தைக்குப் பரவியது. தாய்மார்கள் குழந்தைகளிடமிருந்து நாள்கணக்கில் பிரிக்கப்பட்டிருந்தனர். சிலர் குழந்தையை மருத்துவமனையிலேயே விட்டுச் சென்றனர்.

1978ஆம் ஆண்டு அங்குப் பணியாற்றிய மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, இல்லாத கருவிக்காகக் காத்திருப்பதை விட்டு, இருப்பதைக் கொண்டு செயல்படும் வழியை நாடினார். குழந்தைக்குத் தேவைப்பட்டவை மூன்று: வெப்பம், உணவு, தொற்றிலிருந்து காப்பு. வெப்பம் தாயின் உடலில் இருந்தது. உணவு தாய்ப்பாலில் இருந்தது. ஒரே பெட்டியில் பல குழந்தைகள் கிடக்கும் நிலை நீங்கினால் தொற்றும் குறையும். எனவே, உடல்நிலை சீரான குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் படும்படி நிமிர்ந்த நிலையில் துணியால் கட்டி வைத்தார். வளர்ச்சி முற்றாத குட்டியைத் தன் பையில் சுமந்து வளர்க்கும் கங்காருவின் பெயரால் இம்முறை வழங்கலாயிற்று. 1979இல் மருத்துவர் ஹெக்டர் மார்ட்டினெஸ் இப்பணியில் இணைந்தார்.

செய்தி உலகெங்கும் பரவியது, ஐயமும் எழுந்தது. 1985ஆம் ஆண்டு பொகோட்டாவுக்கு நேரில் சென்று பார்த்த மருத்துவர்கள் இருவர், 'தி லான்செட்' இதழில் தங்கள் மறுப்பை எழுதினர். பிறந்த முதல் நாள்களைக் கடந்து, உடல்நிலை சீரான குழந்தைகளுக்கே இம்முறை அளிக்கப்பட்டது. அக்குழந்தைகள் பிழைத்த விகிதத்தை, எல்லாக் குழந்தைகளையும் உள்ளடக்கிய பழைய விகிதத்தோடு ஒப்பிடுவது சரியாகாது என்பது அவர்களின் வாதம். அது நேர்மையான வாதம். நல்லெண்ணம் மட்டும் ஒரு முறையைச் சரியானதாக்கிவிடாது.

அந்த வாதத்திற்கு ஆய்வே விடையளித்தது. மருத்துவர் நதாலி சர்பாக் தலைமையிலான குழு, பொகோட்டாவில் 746 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்டது. கங்காரு முறையில் இறப்பு கூடவில்லை. தொற்றின் கடுமை குறைந்தது. மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைந்தன. 1997இல் முடிவுகள் வெளியாயின. பின்னர் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் மற்றோர் ஆய்வை நடத்தியது. இந்தியாவின் சார்பில் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை அதில் பங்கேற்றது. உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்த உடனேயே இம்முறையைத் தொடங்கினால் என்னவாகும் என்பதே வினா. வழக்கமான பராமரிப்பில் 28 நாள்களுக்குள் இறந்த குழந்தைகள் 15.7 விழுக்காடு, உடனடியாகத் தாயோடு சேர்க்கப்பட்டவர்களுள் 12.0 விழுக்காடு. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது. 2021இல் முடிவு வெளிவந்தது; 2022இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையைத் திருத்தியது.

இன்குபேட்டர் இல்லாத குறைக்கு மாற்றாகத் தொடங்கிய வழி, இன்குபேட்டர் உள்ள மருத்துவமனைகளுக்கும் உரியதாயிற்று. ஒருவர் கண்ட வழியைப் பலர் ஐயுற்று, அளந்து, திருத்தி, உலகுக்குரியதாக்கினர்.

கொழும்பு: எல்லோரும் கூடிய குழு

மேற்கண்ட மூன்று நிகழ்வுகளிலும் ஒருவரோ இருவரோ புதியதைக் கண்டனர். அவ்வாறு காணும் வாய்ப்பை மருத்துவமனையின் கடைநிலை ஊழியர் வரை அனைவருக்கும் வழங்க முடியுமா? இந்த வினாவுக்கு இலங்கை ஒரு விடை தந்தது.

கொழும்பு நகரில் உள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, மகப்பேற்றுக்கும் மகளிர் நலத்திற்குமான அரசு மருத்துவமனை. அதன் பணிப்பாளராக இருந்த மருத்துவர் விமல் கரந்தகொட, 2000ஆம் ஆண்டில் அங்கு '5எஸ்' என்னும் முறையை அறிமுகம் செய்தார். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் உருவான முறை அது. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்னும் ஐந்து ஜப்பானியச் சொற்களின் முதலெழுத்தே அதன் பெயர். தேவையற்றதை நீக்குதல், தேவையானதை உரிய இடத்தில் வைத்தல், தூய்மை செய்தல், செய்ததை எல்லோருக்கும் பொதுவான முறையாக்குதல், அம்முறையைப் பழக்கமாக்கிப் பேணுதல் என்பன அவற்றின் பொருள்.

இவை மிக எளியவையாகத் தோன்றலாம். மகப்பேறு அறையில் அவற்றின் மதிப்பு வேறு. மகப்பேற்றுக்குப் பின் தாய்க்குக் கட்டுக்கடங்காத குருதிப்போக்கு ஏற்பட்டால், ஓரிரு மணி நேரத்திற்குள் உயிர் போகக்கூடும். அந்நேரத்தில் மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, திறவுகோல் யாரிடம் இருக்கிறது, ஊசி எங்கே என்று தேடும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு. அவசர மருந்துத் தட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் குறியிடப்பட்ட இடம் இருந்தால், ஒன்று இல்லை என்பது பார்த்தவுடனே தெரியும். காலாவதி நாள் நெருங்கும் மருந்து முன்வரிசையில் இருந்தால் முதலில் பயன்படும். கழிவுத் தொட்டிகளுக்கு நிறம் பிரித்திருந்தால், குப்பையோடு கலந்த ஊசி தூய்மைப் பணியாளரின் கையைக் குத்தாது.

எந்தத் தட்டில் எதை எங்கே வைப்பது என்பதை இயக்குநர் அறையிலிருந்து முடிவு செய்ய இயலாது. அங்கே வேலை செய்பவருக்கே அது தெரியும். எனவே, ஒவ்வொரு பிரிவிலும் பணி மேம்பாட்டுக் குழு அமைவது இம்முறையின் உயிர்நாடி. மருத்துவர், செவிலியர், பணியாளர் என அப்பிரிவில் உள்ளவர்கள் ஒன்றாக அமர்ந்து, தங்கள் அன்றாடப் பணியில் உள்ள இடர் ஒன்றைத் தேர்கின்றனர். அதன் காரணத்தைப் பலமுறை 'ஏன்' என்று வினவிக் கண்டறிகின்றனர். சிறிய மாற்றம் ஒன்றைச் செய்து பார்த்து, பயனை அளக்கின்றனர். பயன் இருந்தால் அதையே முறையாக்குகின்றனர். இல்லையெனில் வேறு வழி தேடுகின்றனர். இத்தகைய இடையறாத சிறு முன்னேற்றத்தை ஜப்பானியர் 'கைசன்' என்பர்.

கொழும்பின் பட்டறிவு கடல் கடந்தது. 2007ஆம் ஆண்டு முதல் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் துணையோடு ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவர்களும் அலுவலர்களும் இலங்கைக்கு வந்து இம்முறையைக் கண்டறிந்தனர். பதினைந்து ஆப்பிரிக்க நாடுகள் இத்திட்டத்தில் பங்கேற்றன. தான்சானியாவின் ம்பேயா நகர மருத்துவமனை அந்நாட்டின் முன்மாதிரியாக வளர்ந்தது. பொருள்வளம் குறைந்த ஒரு நாட்டின் அரசு மருத்துவமனை, அதே நிலையிலுள்ள பிற நாடுகளின் மருத்துவமனைகளுக்கு ஆசிரியராயிற்று.

மாற்றத்தின் நான்கு படிகள்

நான்கு நகரங்களின் வரலாற்றையும் ஒப்பிட்டால், கீழிருந்து எழும் மாற்றம் நான்கு படிகளைக் கடக்க வேண்டியிருப்பது புலனாகும்.

முதற்படி, காணுதல். மஞ்சள் முக்கோணத்தைக் கண்டது, நாள்தோறும் குழந்தையைத் துடைத்து ஆடை மாற்றிய கை. பழக்கத்தில் மங்காத கண்ணே இப்படிக்கு வேண்டுவது.

இரண்டாம் படி, எண்ணுதல். கண்டது உண்மையா, தற்செயலா என்பதை எண்ணிக்கையே பிரித்துக் காட்டும். செம்மல்வைஸின் மாதக் கணக்குகள் இன்றும் வாதிடுகின்றன. பொகோட்டாவின் தொடக்கக் கணக்கில் இருந்த குறை, ஒரு நல்ல முறையின் மேல் ஐயம் எழக் காரணமாயிற்று.

மூன்றாம் படி, சொல்லுதலும் கேட்டலும். சிஸ்டர் வார்டு தயக்கத்துடன் காட்டினார். மருத்துவர்கள் அதை நகைத்து ஒதுக்கியிருந்தால், சன்னலோரத்துக் குருதி மாதிரியின் பொருளும் விளங்காமல் போயிருக்கலாம். வியன்னாவில் கேட்டல் நிகழவில்லை. ஆகவே எண்கள் இருந்தும் வழி அடைபட்டது. கீழே உள்ளவரின் துணிவு மேலே உள்ளவரின் பணிவைச் சந்திக்கும்போதுதான் இப்படி முழுமை பெறுகிறது.

நான்காம் படி, நிலைப்படுத்தல். ஒருவரின் ஆர்வத்தால் தொடங்கியது, அவர் மாற்றலாகிச் சென்றபின்னும் நிற்க வேண்டும். அதற்கு எழுதப்பட்ட முறையும் பயிற்சியும் வேண்டும். வேண்டிய கருவியையும் மருந்தையும் ஆள்களையும் அரசு வழங்கவும் வேண்டும். ஊழியர்களின் முனைப்பு அரசின் கடமைக்கு மாற்றாகாது. பொகோட்டாவின் தாய்மார்கள் குழந்தைகளைக் காத்தனர் என்பதால், இன்குபேட்டர் வாங்கத் தேவையில்லை என்று முடிவு செய்வது தவறாகும்.

தமிழ்நாட்டில் தொடரும் வழி

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டு மகப்பேறுகள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. தாய்மார்கள் மருத்துவமனைக்கு வந்துவிட்டனர். வந்தவர்கள் அங்குப் பெறும் பேணலின் தரமே இனி உள்ள வினா. அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் நீல ஒளியின்கீழ்க் கண்கள் மூடப்பட்டுக் குழந்தைகள் உறங்குகின்றன. ராச்ஃபோர்டின் முற்றத்தில் தொடங்கிய ஒளி அது. பக்கத்து அறையில் தாய்மார்கள் குழந்தைகளை மார்போடு கட்டிச் சாய்ந்திருக்கின்றனர். பொகோட்டாவின் கொடை அது. கையுறை அணியும் முன்னும் கழற்றிய பின்னும் செவிலியர் கைகழுவுவது, வியன்னாவில் இறந்த தாய்மார்களின் பெயரால் உலகம் கற்ற பாடம்.

இந்திய அரசு 2017ஆம் ஆண்டு தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம், மகப்பேறு அறையிலும் அறுவை அரங்கிலும் பணியாற்றுவோரைத் தரவட்டங்களாக ஒருங்கிணைத்து, தங்கள் பிரிவின் குறைகளைத் தாங்களே கண்டு களையச் செய்கிறது. தமிழ்நாட்டில் மகப்பேற்று இறப்பு ஒவ்வொன்றும் ஆய்வுக்கு உட்படுத்தப்படுகிறது. அந்த ஆய்வு யாரைத் தண்டிப்பது என்று தேடினால், ஊழியர்கள் உண்மையை மறைப்பர். எந்த இடத்தில் காலம் தவறியது, எந்த இடத்தில் குருதி கிடைக்கவில்லை, எந்த அறிகுறி கவனிக்கப்படவில்லை என்று தேடினால், அடுத்த தாய் பிழைப்பாள். கிராம சுகாதாரச் செவிலியர் அச்சமின்றிச் சொல்லும் ஒரு செய்தி, மாவட்டம் முழுவதற்கும் வழிகாட்டக்கூடும்.

மருத்துவமனை என்பது கட்டடமும் கருவியும் மட்டுமன்று. ஒருவர் கண்டதை மற்றவர் கேட்கும் இடமும் ஆகும். இரவுப்பணி முடிந்து புறப்படும் செவிலியர், பகல் பணிக்கு வருபவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லிவிட்டுச் செல்கிறார். அந்தச் சில நிமிடங்களில் அவர் சொல்வது முழுமையாகச் சொல்லப்படுகிறதா, முழுமையாகக் கேட்கப்படுகிறதா என்பதில் ஓர் உயிர் அடங்கியிருக்கக்கூடும். வள்ளுவர் நான்காவதாகச் சேர்த்த அந்த அருகிருப்பவரின் சொல்லுக்கு இடம் தரும் மருத்துவமனையே நலம் தரும் மருத்துவமனை.